கடலுக்கு அடியில் போனவர்களுக்கு ஒரு துண்டு

"கடலுக்கு அடியில போன கப்பல் திரும்பி வரேல்லை எண்டால், அதில இருந்தவை செத்தவை எண்டு ஆர் பார்த்தது?"

ஆறு வயதான என் மகள் கேட்டது. நான் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானப்படி கேள்வி சரிதான்.

பிழை என்னுடையதுதான். தூர தேசமொன்றில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மாலுமிகளோடு காணாமற்போன செய்தியைக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த அவளும் பார்த்துவிட்டாள். போனை மறைத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளிடம் மரணத்தை மறைக்கக்கூடாது என்று அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கட்டுரை வாசித்திருந்தேன். ஆகவே கொப்பியில் படம் கீறி, நீரின் அழுத்தத்தையும் ஒட்சிசன் தீர்ந்துபோவதையும் ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கு என்ன செய்வதென்று கட்டுரையில் இல்லை.

என் கணவர் ஊர்காவற்றுறையில் மீன்பிடிப்பவர். அவர் கரைக்கு வெளிக்கிடும்போதெல்லாம் மகள் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, கீழ போகமாட்டீங்கள்தானே?" என்று அழத் தொடங்கினாள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "தண்ணிக்கு மேல போறதே எங்களுக்குப் பெரும்பாடு. உவைக்கு ஏன் கீழ போற வேலை?" என்று முதலில் மாலுமிகளை ஏசினார். பிறகு, "பாவங்கள். கார்த்திகைப் பூசைக்கு அவையின்ர ஆத்துமாவுக்கும் ஒரு துண்டு எழுதிக் குடும் பிள்ளை. உம்மட மோளும் ஆறுவாள்" என்றார்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அந்த மாதம் இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு பெயர்களைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பூசைக்கு முதல் எல்லாவற்றையும் சத்தமாக வாசிப்பார்கள்.

துண்டை எழுத உட்கார்ந்தேன். அவர்கள் இறந்தது நிச்சயமா? அவர்களுடைய வீட்டார் இன்னும் காத்திருந்தால்? நான் அவசரப்பட்டு ஆத்துமா ஆக்கிவிட்டால்? மூன்று துண்டுகளைக் கிழித்தபின், "கடலுக்கு அடியில் போய் இன்னும் வராத மாலுமிகள்" என்று எழுதி மகளிடம் கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுக்கவேண்டும் என்று சொன்னதும் அதே கட்டுரைதான்.

பூசையன்று அந்த வரி வாசிக்கப்பட்டது. கடலுக்குப் போனவரின் உடல்கூடக் கிடைக்காத வீடுகள் எங்கள் பக்கத்தில் இருக்கின்றன. முன்வரிசையில் இரண்டு பெண்கள் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. நல்லதொரு காரியம் செய்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அடுத்து, அதே துண்டிலிருந்து என் கணவரின் முழுப்பெயரும் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஊருக்குப் புதிதாக வந்த அருட்சகோதரி. அவருக்கு ஆளைத் தெரியாது.

ஆண்கள் பக்கமிருந்து ஒரு கை உயர்ந்தது. "சிஸ்டர், நான் இஞ்ச இருக்கிறன்."

துண்டின் கீழே அதைச் சேர்த்து எழுதிய மகள் கொஞ்சமும் பதறவில்லை. "அவைக்குப் போனாப்பிறகுதான் பூசை. அப்பாவுக்கு முதலே குடுத்தால் போகமாட்டார்தானே?" என்றாள்.

அடுத்த நாள் கணவரோடு தொழிலுக்குப் போகும் கூட்டாளித் தம்பி வள்ளத்தில் ஏற மறுத்துவிட்டார். "அண்ணை, கோவியாதேங்கோ. பேர் வாசிச்ச ஆளோட நான் வரமாட்டன்."

கரையில் நின்றவர்கள் செத்தவீட்டுப் பகிடியை விடவில்லை. "முப்பத்தோராம் நாள் சாப்பாடு எப்ப அண்ணை?"

"நானே வீடு வீடா வந்து சொல்லுறன்ரா" என்றார் கணவர். வீட்டுக்கு வந்து என்னிடம், "படிச்ச மனுசி, குடுக்க முதல் துண்டை ஒருக்காப் பார்த்திருக்கலாமே?" என்றார்.

ஐந்து நாள் வள்ளம் கரையிலேயே கிடந்தது. ஆறாம் நாள் பாதர் வந்து வள்ளத்துக்கும் கணவருக்கும் தீர்த்தம் தெளித்தார். "உயிரோட இருக்கிறவருக்குப் பூசை ஒப்புக்குடுத்தால் நட்டமில்லை" என்று தம்பிக்கு விளங்கப்படுத்தினார். தம்பி ஏறினார். இருவரும் திரும்பி வந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வருகிறார்கள்.

அதுதான் இப்போது சிக்கல். பூசை வேலை செய்கிறது என்று மகள் கண்டுகொண்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், அப்பாவுக்குக் கையசைத்து அனுப்புகிறாள். இந்த வருடத் துண்டையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறாள். மேலே அப்பா, கீழே மாலுமிகள். "திரும்பவும் வாசிச்சால் நான் தனியத்தான் தொழிலுக்குப் போகவேணும்" என்கிறார் கணவர். கிழித்துவிடத்தான் வேண்டும். கிழித்த கிழமையே காற்று மாறினால்? நான் விஞ்ஞானம் படித்தவள், இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. துண்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

பிள்ளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: இதைப் பெட்டியில் போடவா, கிழிக்கவா? கிழித்தால், அவளிடம் என்ன சொல்ல? மாரி தொடங்க முன் எழுதினால் உதவியாக இருக்கும்.