அட்டையில் இருப்பதுதான் அக்கா பிறந்த திகதி

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. அக்கா எங்களைப் பிரிந்து இன்றோடு முப்பத்தொரு நாட்கள். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் துக்கம்தான் முதலில் வர வேண்டும். எனக்குப் பயம்தான் முதலில் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் வந்து நிற்பது அதுதான்.

சென்ற மாதம் பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், கடைக் கண்ணாடிகளில் ஒட்டிய மரண அறிவித்தலில் அக்காவின் பிறந்த திகதி என்று ஒன்று இருந்தது. இந்த மலரின் அட்டையில் 'தோற்றம்' என்ற சொல்லுக்குக் கீழே வேறொன்று இருக்கிறது. அச்சகத்துத் தம்பிதான் முதலில் கண்டுபிடித்தார். எனக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, நோட்டீசுக்கு வேறை திகதியெல்லோ தந்தனீங்கள்? இதிலை மூண்டு வருசம் முந்திக் கிடக்கு. நாளும் மாசமும் கூட வேறை. எது சரி?"

"பொறுங்கோ தம்பி, பாத்துச் சொல்லுறன்" என்று போனை வைத்துவிட்டேன். இரண்டு நாட்கள் திருப்பி எடுக்கவில்லை. அந்த இரண்டு நாட்களில் எழுதியதுதான் இது.

அக்கா வடமராட்சியில் ஓர் ஐப்பசி மழையில் பிறந்தவர். எங்கள் சிறுவயதில் ஊரில் குண்டு போட பொம்பர் விமானம் வரும். சத்தம் கேட்டதும் எல்லோரும் பங்கர் குழிக்குள் இறங்கித் தலையை முழங்காலுக்குள் புதைப்போம். அக்காவும் நடுங்குவார், பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். ஆனால் தலையைக் குனியமாட்டார். வாசலால் மேலே பார்த்தபடி, "இது ஒரு எஞ்சின் ஒழுங்காச் சுத்துதில்லை" என்பார். அம்மா பின்தலையில் ஒன்று போட்டு உள்ளே இழுப்பார்.

அப்பா எங்களுக்கு முன்பே பாரிசுக்கு வந்துவிட்டார். அகதி விண்ணப்பத்தில் பிள்ளைகளின் பிறந்த திகதியைக் கேட்டிருக்கிறார்கள். அறையில் கூட இருந்தவர்கள் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "வயசைக் குறைச்சுச் சொல்லுங்கோ அண்ணை. பிறகு கூப்பிடேக்கை பிள்ளையள் பதினெட்டைத் தாண்டியிருந்தால் விடமாட்டாங்கள்." அதிகாரிக்கு முன்னால் இருந்த பயத்தில் அப்பாவுக்கு எந்தத் திகதியும் வாயில் வரவில்லையாம். என்னைத் தைப்பொங்கல் அன்று பிறக்கவைத்தார். அக்காவை ஜூலை பதினான்கில் பிறக்கவைத்தார். அது இந்த நாட்டின் தேசிய நாள் என்பதை அதிகாரி சிரித்த பிறகுதான் அறிந்தாராம். பிறகு ஊரில் எடுத்த பத்திரங்கள் எல்லாவற்றையும் அப்பா சொன்னதற்கு ஏற்றபடி செய்ய வேண்டியதாயிற்று. ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த இருபது வயது அக்கா, பாரிசில் வந்து இறங்கும்போது பதினேழு வயதுப் பிள்ளை.

பதினேழு என்றபடியால் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். இருபது என்றிருந்தால் ஏதாவது கடையில் நின்றிருப்பார். தன்னைவிடச் சிறியவர்களோடு இருந்து, ஏற்கனவே தெரிந்த கணக்கை மறுபடி பிரெஞ்சில் படித்து, பொறியியல் கல்லூரிக்குள் போனார். "அந்தப் பொய்தான் என்னை இஞ்சினியர் ஆக்கினது" என்று அக்காவே சொல்வார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு இரண்டு பிறந்தநாள். ஐப்பசியில் அம்மா கோயிலுக்குப் போய் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வார். பாயாசத்தைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் குடிப்போம். ஜூலை பதினான்கில் வேலையிடத்துத் தோழிகள் பூச்செண்டோடு வருவார்கள். அதே நாளில்தான் நகரத்துக்கு மேலால் போர் விமானங்கள் அணிவகுத்துப் பறக்கும். அம்மா குசினிக்குள் போய் அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு குந்துவார். அக்கா கேக்கை வெட்டியபடி சன்னலால் மேலே பார்ப்பார்.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விமான எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் தொழில். கண்ணுக்குத் தெரியாத மயிரளவு வெடிப்பு. விட்டால் ஆகாயத்தில் உடையும். காலையில் ரயிலேறிப் போய், பாரிசுக்கு வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுவதும் நின்று பார்ப்பார். பார்த்த பிறகு தாளில் 'நான் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். தன் கண்ணால் பாராததற்கு அவர் ஒருநாளும் வைத்ததில்லை. வீட்டிலும் அதே வழக்கம்தான். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால், "நீ பாத்தனியோ?" என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்புவார்.

இவ்வளவு தெரிந்தவர் விமானத்தில் ஏறினால் என் கையைப் பிடித்து நசுக்குவார். ஒருமுறை கேலி செய்தேன். "மேலை இருக்கிறவையை எல்லாரும் யோசிப்பினம். கீழை இருக்கிறவையை ஆர் யோசிக்கிறது?" என்றார். பிறகு நான் கேலி செய்யவில்லை.

2009ஆம் ஆண்டு, வன்னியிலிருந்து வந்த சாவுச் செய்திகளோடு நாம் எல்லோரும் தெருவில் நின்ற அந்த வசந்த காலத்தில், அக்காவுக்கு அந்தக் கூடத்தின் இறுதிக் கையெழுத்து அதிகாரம் கிடைத்தது. அங்கே அதைப் பெற்ற முதல் பெண் அவர். வெளிநாட்டில் பிறந்த முதல் ஆளும் அவர்தான். பாதுகாப்புச் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நேரே ஆர்ப்பாட்டத்துக்கு வந்து, கூட்டத்துக்குள் அம்மாவின் காதில் சொன்னார்.

"அப்ப இனி உன்ரை பேர் எல்லாப் பேப்பரிலும் வருமே?"

"ஓம் அம்மா."

அம்மா சுற்றிவரப் பார்த்தார். "வேண்டாமெண்டு சொல்லேலாதே?"

ஒருநாள் அக்கா ஒரு பெட்டித் தகடுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். வேலையிடத்தில் பெரிய சண்டையாம், விமானம் ஒன்று அவற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றதாம். சோறு சாப்பிடும்போது சொன்னார். "வெடிப்பொண்டும் இல்லை. நல்ல தகடுகள். ஆனால் எப்ப செய்ததெண்ட திகதி பேப்பரிலை ஒண்டு, தகட்டிலை வேறை. அப்பிடி எண்டால் எவ்வளவு நல்லதெண்டாலும் எறியத்தான் வேணும்."

அம்மா சோற்றுக் கையோடு அக்காவைப் பார்த்தார். "அப்ப உன்னை என்னடி செய்வாங்கள்?"

நான்தான் முதலில் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சாப்பிடாமல் எழும்பிப் போனார்.

அந்தக் கையெழுத்து அதிகாரம் கிடைத்து ஐந்து வருடங்களுக்குப் பிறகு, ரொக்கெட் எஞ்சின்களைப் பரிசோதிக்கும் குழுவுக்கு அக்காவைத் தலைமை தாங்கக் கேட்டார்கள். அவர் கனவு கண்ட இடம். ஆனால் அரசாங்கம் ஆளைத் தீர விசாரித்த பிறகுதான் அந்த வாசலுக்குள் விடும். ஒரு படிவம் வந்தது. அக்காவின் பிறந்த திகதி, இடம், அப்பா அம்மா விவரம், கூடப் பிறந்தவர்களின் விவரம். அப்பா அப்போது உயிரோடு இல்லை. மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும் சத்தம் கேட்கும் எங்கள் குசினியில், மேசையின் நடுவில் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரும் இருந்தோம்.

"பிள்ளை, உதை நிரப்பாதை" என்றார் அம்மா. "ஊர்வரைக்கும் போய்த் தேடுவாங்கள்."

"இதிலை கையெழுத்து வைச்சால் எல்லாம் உண்மையெண்டு நான் சொல்லுற மாதிரி, அம்மா. உண்மைத் திகதியைப் போட்டுக் குடுப்பமோ எண்டு யோசிக்கிறன்."

"இவ்வளவு காலமும் எத்தினை பேப்பரிலை வைச்சனீ?"

"அப்ப பயத்திலை வைச்சனான்."

நான் ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன். "அக்கா, என்ரை பேப்பர் இப்பதான் வந்தது." அந்த மாதம்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஒரு நகரசபையில், பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பிரிவில், நிரந்தர வேலைக்கும் எடுத்திருந்தார்கள். அக்காவின் திகதி விழுந்தால் என்னுடையதும் விழும். அக்கா படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

இரண்டு கிழமை கழித்து, "அந்த வேலை வேறை ஆளுக்குப் போயிட்டுது" என்றார். அம்மாவும் நானும் அதைக் கேட்டுக் கொதித்தோம். பாரிசுப் புறநகர்களான எபினேயிலும் பொபினியிலும் இருந்த சொந்தங்களுக்கெல்லாம் போன் எடுத்து, நிறத்தைப் பார்த்துத்தான் கொடுக்கவில்லை என்று சொன்னோம். உங்களில் பலர் அதை என் வாயால் கேட்டிருப்பீர்கள். அது பிழை. இங்கே திருத்துகிறேன்.

அக்காவின் மேசைக்கு மேலே, பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் விமானப் பொறியியலுக்குள் முதல் முதலாக நுழைந்த கறுப்பினப் பெண்களில் ஒருவர். கூட வேலை செய்த வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடக்கூட விடாத காலத்தில், விமானங்களுக்கும் ரொக்கெட்டுகளுக்கும் கணக்குப் போட்டவர் என்று அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த நாட்களில் நான் படத்தைக் காட்டி, "உங்களுக்கும் அதேதான் நடந்திருக்கு அக்கா" என்றேன்.

"இல்லை" என்றார். "இவவை ஆக்கள் வாசலிலை மறிச்சவை. இவ தள்ளிக்கொண்டு போனவ. என்னை ஒருத்தரும் மறிக்கேல்லை."

எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கப் பயந்தேன் என்பதுதான் சரி.

அம்மாவும் இறந்த பிறகு அக்கா மெலிந்தார். நோயைக் கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவருடைய பழைய மேலதிகாரி, ஒரு பிரெஞ்சு அம்மா, பார்க்க வந்தார். நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ரொக்கெட் வேலைக்கு மூன்று தரம் கேட்டார்களாம். அக்கா மூன்று தரமும் படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்து, குடும்பக் காரணம் என்று மட்டும் சொன்னாராம். அந்தக் குடும்பக் காரணம் நடைபாதையில் அவர் முன்னால் நின்றது. நான் தலையாட்டினேன், நன்றி சொன்னேன்.

இனிச் சொல்லப்போவதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறை மருந்து கொடுக்கும் முன்பும் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்பார்கள். கைப்பட்டியில் உள்ளதோடு சரிபார்ப்பார்கள். அக்கா ஒருநாளும் தடுமாறவில்லை. ஜூலை பதினான்கு. தாதிகள், உங்களுக்காக ஊரே வாணம் விடுகிறது என்று பகிடி விடுவார்கள், அக்கா சிரிப்பார். கடைசிக் கிழமையில் ஒரு காலை, வழக்கமாக வரும் இளம் தாதி கேட்டபோது, அக்கா தெளிவான பிரெஞ்சில் ஐப்பசித் திகதியைச் சொன்னார். வருடத்தோடு சொன்னார்.

தாதி கைப்பட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மருந்து மயக்கம்" என்றேன், "ஜூலை பதினான்கு."

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "நான் சரியாத்தானே சொன்னனான்."

என்ன சொல்கிறார் என்று தாதி கேட்டார்.

"தண்ணீர் கேட்கிறார்" என்றேன்.

அந்த நல்ல பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தது. அக்காவுக்கு விழுங்க முடியாத நாட்கள் அவை. என்னைப் பார்த்தபடியே இரண்டு வாய் குடித்தார். எனக்காகக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் விளங்கவில்லை.

எங்களுக்குத் தோள்தந்த எல்லோருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலேறி வந்து வீட்டுச் சமையலைப் பொறுப்பெடுத்த மாமிமார், இவ்வளவு காலமும் நட்சத்திரம் மட்டும் கேட்டு, வேறெதுவும் கேட்காத ஐயர், வேலையிடத்தில் எஞ்சினை நிறுத்தி ஒரு நிமிடம் மௌனமாக நின்ற அக்காவின் தோழர்கள், இரண்டு நாள் பொறுமையாக இருந்த அச்சகத்துத் தம்பி, எல்லோருக்கும் நன்றி. இதை வெளியாருக்குக் காட்டாதீர்கள் என்று கேட்கத்தான் ஆசை. கேட்கமாட்டேன். கதவு மணி அடித்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. நாளைக்கும் படபடக்கும்.

அந்தத் தாதிக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அட்டையில் திகதி இலக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு சின்னக் கடிதமும் உள்ளே வைத்திருக்கிறேன், அக்கா அன்று தண்ணீர் கேட்கவில்லை என்று.

அம்மா ஊரிலிருந்து பெட்டியின் அடித்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்த அக்காவின் சாதகக் குறிப்பை நேற்றுப் பிரித்தேன். அட்டையில் உள்ள நாள், மாதம், வருடம் மூன்றும் சரி.

நான் பார்த்தேன்.

கையெழுத்து,
தங்கை