வாளிக்கு ஒரு கரண்டி

ரஹீமோவின் அடுக்களையில் எது காணாமல் போனாலும் கஞ்சாச் செடியின் தூரில் போய்த் தேடினால் கிடைக்கும். முட்டை ஓடு அங்கேதான் போனது. அடுப்புச் சாம்பல் அங்கேதான் போனது. வாழைப்பழத் தோலைக்கூட ஆட்டுக்குப் போட முடியவில்லை. அவள் கணவர் அய்யாஷி அதைக் குடத்தில் ஊறப்போட்டு, மூன்று நாள் மூடிவைத்து, வீடு முழுக்க நாற வைத்துவிட்டுச் செடிக்குக் கொண்டுபோய் ஊற்றுவார். போன மாதம் ஜெபஹா கடற்கரையிலிருந்து மத்தி மீன் கொண்டுவரும் வண்டிக்காரனிடம் ஒரு வாளி மீன் குடல் கேட்டு வாங்கி வந்தார். ஊர்ப் பூனைகள் எல்லாம் ஒரு வாரம் அவர்கள் வயலில்தான் குடித்தனம் நடத்தின.

"யோவ், பெத்த பொண்ணுக்கு ஒரு வேளை இப்படி ஊட்டியிருப்பியா நீ?" என்று கேட்டாள் ரஹீமோ.

"பொண்ணு தானா வளர்ந்துடுச்சு. இது தானா வளருமா?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலேயே.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் ஒன்றும் தானாக வளரவில்லை, இவள் ஒற்றை ஆளாக வளர்த்தாள். கஞ்சாவுக்குப் பேர்போன ரிஃப் மலையில் பாதி ஆண்களைப் போல அய்யாஷியும் பதினெட்டு வருஷம் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆள். செய்த குற்றம், அப்பனும் பாட்டனும் விதைத்ததையே தானும் விதைத்தது. மலைப்பாதையில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓக் காட்டுக்குள் ஓடிவிடுவார். அடையாள அட்டையைப் புதுப்பிக்க முடியாது. பல்வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. தெத்துவான் நகரத்தில் சொந்த மகளின் கல்யாணம் நடந்தபோது அவர் காட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவர் அழுதது இவளுக்குத் தெரியும், ஆனால் பந்தலில் தனியாக நின்றவள் இவள்தான்.

இரண்டு வருஷம் முன்புதான் பொது மன்னிப்பு வந்து அவர் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியது. கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தார், லைசென்ஸ் வாங்கினார், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் அடுக்கு வயலில் மருந்துக் கம்பெனிக்காக முறைப்படி பயிர் வைத்தார். முதல் அறுவடை சோகையாக வந்தது. கம்பெனி வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இந்த வருஷமும் ஏதாவது கோளாறு என்றால் பெயரை அடித்துவிடுவோம் என்று சங்கத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அடித்துவிட்டால் பழையபடி கள்ளப் பயிர், பழையபடி ஜீப், பழையபடி காடு. ரஹீமோ தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: இந்த மனுஷன் இனி ஓடக் கூடாது.

மனுஷனோ, ஊட்டி ஊட்டியே செடியைக் கொன்றுவிடுவார் போலிருந்தது.

சங்கத்தின் பயிர் நிபுணர் கிஸ்லான், மெக்னெஸ் நகரத்துப் பெண். ஜூலை மாதம் வயலைப் பார்க்க வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளி வாளியாக எட்டிப் பார்த்தாள்.

"அய்யாஷி மாமா, செடிக்கு அஜீரணம் ஆயிடப் போகுது. எல்லாத்தையும் நிறுத்துங்க. ஆமா, இது என்ன பாட்டில்?"

"ஹாலந்துல இருக்கிற தங்கச்சி பையன் அனுப்பினான். பூ முஷ்டி அளவுக்கு வைக்குமாம்."

"ஒரு சொட்டு ஊத்தினீங்களா?"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமைக்குன்னு வெச்சிருக்கேன்."

"நல்ல காலம். இது லேப்ல தெரிஞ்சா மொத்தப் பயிரும் குப்பைக்குத்தான்." பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள். "ஏதாவது குடுத்தே ஆகணும்னா கழிவுப்பாகு குடுங்க, மொலாசஸ். சர்க்கரை ஆலையில மிஞ்சறது. கறுப்பா, கெட்டியா, இனிப்பா இருக்கும். ஒரு வாளித் தண்ணிக்கு ஒரே ஒரு கரண்டி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அது செடிக்கு இல்ல மாமா, மண்ணுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்களுக்கு. அதுங்க தின்னா, செடிக்குத் தானா போய்ச் சேரும்."

இத்தனை பேச்சில் அய்யாஷியின் காதில் ஏறியது மூன்றே வார்த்தை. கறுப்பா, கெட்டியா, இனிப்பா. சர்க்கரை ஆலை எங்கேயோ சமவெளியில் இருந்தது. வீட்டு உள்ளறையில் சாமெத் ஜாடி இருந்தது.

சாமெத் என்பது திராட்சைச் சாற்றை நாள் முழுக்கக் காய்ச்சி இறக்குகிற பாகு. போன இலையுதிர் காலத்தில் ரஹீமோ கை வெந்துபோகக் கிளறிக் காய்ச்சியது. மகளுக்குப் பிறக்கப் போகும் குழந்தைக்குப் பெயர் சூட்டும் விருந்துக்கென்று ஒரு முழு ஜாடியைத் துணி கட்டி மூடிவைத்திருந்தாள். ஒரு வருஷம் இருந்தால் சாமெத் லேசாகப் புளித்துக் கொஞ்சம் தலைக்கு ஏறவும் செய்யும். அதைப் பற்றி இந்த மலையில் யாரும் பள்ளிவாசல் இமாமிடம் போய் விளக்கம் கேட்பதில்லை.

கரண்டி விஷயத்திலும் கோளாறு. கிஸ்லான் சொன்னது டீக்கரண்டி. அய்யாஷி எடுத்தது மொச்சைக் கஞ்சி மொள்ளும் அகப்பை. ரஹீமோ சந்தைக்குப் போயிருந்த திங்கட்கிழமை, வாளிக்கு ஓர் அகப்பை என்று கலக்கி, கீழ் அடுக்கு முழுக்க ஊற்றி, ஜாடியையும் கழுவி ஊற்றிவிட்டார். திரும்பி வந்த ரஹீமோ காலி ஜாடியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பொண்ணுதான் சொல்லுச்சு," என்றார்.

"என் சாமெத்தை ஊத்தச் சொல்லுச்சா?"

"கறுப்பா, கெட்டியா, இனிப்பா இருக்கும்னு சொல்லுச்சு."

"கழுதைகூட இருட்டுல கறுப்பாத்தான் தெரியும். அதையும் கரைச்சு ஊத்தேன்!"

செவ்வாய்க்கிழமை விடிந்து அவள் ஆட்டை அவிழ்க்கப் போனபோது வேலி கிழிந்து கிடந்தது. கீழ் அடுக்கில் உழுது போட்டது போல மண் புரண்டிருந்தது. காட்டுப்பன்றிகள். வெயிலில் காய்ந்த மலையில் ஈர மண்ணும் திராட்சை வாசனையும் ஒரே இடத்தில் கிடைத்தால் விடுமா? வேரைத் தோண்டி, பாகு குடித்த மண்ணைத் தின்று, சுகமாகப் புரண்டுவிட்டுப் போயிருந்தன. எண்ணிப் பார்த்தார்கள். முப்பத்தேழு செடி. பாதி மிதிபட்டுக் கிடந்தது, மீதி இருந்த இடமே தெரியவில்லை.

செய்தி கேட்டு வந்த கிஸ்லான் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். "செடி போனதுகூடப் பரவாயில்ல மாமா. கணக்குல முப்பத்தேழு குறையுது. காணாமப் போன செடியை நீங்க வெளியில வித்துட்டதாத்தான் எடுத்துப்பாங்க. மூணு நாளுக்குள்ள போலீஸ்ல போய் எழுதிக் குடுத்து, முத்திரை போட்ட காகிதம் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம லைசென்ஸ் நிக்காது."

"ரஹீமோ போவா," என்றார் அய்யாஷி.

"லைசென்ஸ் யார் பேருல இருக்கோ அவங்கதான் வரணும்."

அன்று மத்தியானமே ஆளைக் காணோம். ரஹீமோவுக்கு எங்கே என்று கேட்கத் தேவையில்லை. காட்டு விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "யோவ்! ஜீப் வரலய்யா! பன்னிதான் வந்துச்சு!" இருட்டும் நேரத்தில் வந்து, எதுவும் நடக்காதது போல ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டார். புதன்கிழமை காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டார். தொட்டுப் பார்த்தாள், நெற்றி ஜில்லென்று இருந்தது. அவருக்கு வாய்த்த விடுதலையை அவரே குப்பையில் போடுகிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பதினெட்டு வருஷம் அவரைப் போலீஸ் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தவள் அவள். இப்போது போலீஸிடம் இழுத்துக்கொண்டு போக வேண்டியவளும் அவளே. எந்தப் பெண்பிள்ளை தலையில் இப்படி எழுதியிருக்கும்?

வியாழக்கிழமை காலை அவருடைய ஜெல்லாபா அங்கியை அவர்மேல் வீசினாள். "எந்திரி. நீ நடந்து வந்தாலும் சரி, கழுதைமேல மூட்டையாக் கட்டித் தூக்கிட்டுப் போனாலும் சரி."

பாப் பெர்ரெத் ஊரின் போலீஸ் சாவடியில் பச்சைச் சுவர், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். மேஜைக்குப் பின்னால் தெற்குப் பாலைவனத்துப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த சார்ஜென்ட். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார்.

"உக்காருங்க ஹாஜியாரே," என்றார். அய்யாஷி மக்கா இருக்கும் திசையில் பஸ்கூட ஏறியதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. அய்யாஷி உட்காரவில்லை.

"பேரு?"

"முஃபத்தல்," என்றார் அய்யாஷி.

முஃபத்தல் செத்துப்போன அவருடைய அண்ணன். அண்ணன்மேல் எந்த வழக்கும் இல்லாததால், வழியில் யார் மறித்துக் கேட்டாலும் அத்தனை வருஷமும் அவர் சொல்லிவந்த பெயர் அதுதான். கேள்வி வந்ததும் வாய் தானாகவே அதைச் சொல்லிவிட்டது.

"அய்யாஷி! அவர் பேரு அய்யாஷி, ஐயா. பயந்தா அவருக்குப் பேரே மறந்துடும்," என்று சொல்லி அடையாள அட்டையை மேஜைமேல் வைத்தாள்.

சார்ஜென்ட் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் தட்டினார். வெகு நேரம் தட்டினார். அய்யாஷியின் கண் வாசல் பக்கமே போய்க்கொண்டிருந்தது. ரஹீமோ அவருடைய ஜெல்லாபாவின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய கேஸ் ஒண்ணு இருந்திருக்கு," என்றார் சார்ஜென்ட். "முடிஞ்சதுன்னு போட்டிருக்கு. சரி, செடி எப்படிப் போச்சு?"

ரஹீமோவே சொன்னாள். "பன்னி, ஐயா."

"நூறு வயல் இருக்கு. உங்க வயலுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

"செடிக்கு சாமெத் ஊத்தினாரு."

"சாமெத்னா?"

"திராட்சைப்பாகு."

"பழையதா? போதை ஏறுமா?"

"சேச்சே! பச்சப்புள்ளைக்குக் குடுக்கிறது," என்றாள் ரஹீமோ, மனதுக்குள் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டபடி.

சார்ஜென்டால் அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து அறையிலிருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்லி மறுபடி சிரித்தார். "கஞ்சாவுக்குப் பாகு ஊத்திப் பன்னிக்கு விருந்து வெச்சிருக்காரு!" ரஹீமோவுக்கு அவமானத்தில் காது சூடானது. சிரித்துக்கொண்டே எழுதினார், முத்திரையைக் குத்தினார், காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். லைசென்ஸ் பிழைத்தது. இனி யாரும் பெயரை அடிக்க முடியாது. அவள் காகிதத்தை நான்காக மடித்து நெஞ்சோரம் செருகிக்கொண்டாள்.

"அவ்வளவுதான். போகலாம், ஹாஜியாரே," என்றார் சார்ஜென்ட்.

அய்யாஷி அசையவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. சிரிப்பு எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை, 'போகலாம்' மட்டும்தான் விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எங்க?" என்று கேட்டார்.

சார்ஜென்டின் சிரிப்பு நின்றது. மூன்று நாளாக ரஹீமோவுக்குள் கொதித்துக்கொண்டிருந்த கோபம் அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் அழுகையாகிவிட்டது.

"வீட்டுக்குய்யா," என்றாள். "வீட்டுக்கு." அவர் வெளியே கால் வைக்கும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.