சத்தம் வராத குழல்

நேற்று எங்கள் வீட்டுக் குளியலறையில் குழாய் மாற்ற வந்த பிளம்பர், பிவிசி பைப்பை ரம்பத்தால் அறுத்துவிட்டு, ஒட்டியிருந்த தூளைப் போக்க வாயருகே வைத்து ஒரு ஊது ஊதினார். 'ஊ' என்று கனமாக ஒரு ஓசை கிளம்பி வீட்டைச் சுற்றி வந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, பசை தடவப் போய்விட்டார். நான்தான் வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அறுத்த பைப்புக்கு ஒரு காந்தல் வாசனை உண்டே, அது என்னை நேராக எண்ணூர் ரோட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அப்போது நான் ஒரு டிராவல்ஸில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்ணூர் பக்கம் கட்டுமான வேலைக்கு ஜப்பானிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மோரி சாரைத் தினமும் கொண்டுவிட்டுக் கூட்டிவர வேண்டும். அவருக்கும் என் வயசுதான். அந்த ரோட்டில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால், காசிமேட்டில் நின்ற வண்டி காசிமேட்டிலேயே நிற்கும். நான் முன்சீட்டில் புலம்பிக்கொண்டிருப்பேன். அவர் பின்சீட்டில் துணிப்பையைப் பிரித்து, அடிப்பக்கம் வேர்முண்டோடு இருக்கிற ஒரு மூங்கிலை எடுப்பார். ஷாகுஹாச்சி என்று பேர். நம் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடிப்பதில்லை. நேராகப் பிடித்து, மேல் விளிம்பில் ஊத வேண்டும். ஒரு மூச்சுக்கு ஒரு ஓசை, அவ்வளவுதான்.

"இது இன்னா பாட்டு சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டு இல்லை. உட்கார்றது," என்றார், தெரிந்த தமிழில். அவர்களுடைய ஜென் வழியில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பூஜையாம். அதிலே ஒரு கூட்டத்தார், உட்காருவதற்குப் பதில் இதை ஊதுவார்களாம். அந்தக் காலத்துச் சாமியார்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு தெருத்தெருவாக ஊதிக்கொண்டு போவார்களாம். முகம் தெரியக் கூடாது, நான் என்கிற நினைப்பு போக வேண்டும் என்பதற்காக. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி மீன் கழுவுகிற கூடையை எடுத்து நீட்டினாள்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. படிப்பு பத்தாவதோடு சரி, ஆனால் சாமி காரியம் என்றால் எதையும் விடமாட்டேன். மோரி சார் சைட்டில் கிடந்த பிவிசி துண்டை எடுத்து, விளிம்பைச் சாய்வாகச் செதுக்கி, முன்னால் நாலு, பின்னால் ஒன்று என்று ஓட்டை போட்டுத் தந்தார். அதைப் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்டியே ஒரு டேப்பும் மாட்டிடுய்யா, தீர்த்தமாவது வரும்," என்றாள் மனைவி.

மாசக்கணக்கில் ஊதினேன். 'உஸ்ஸ்' என்று காற்றுதான் வந்தது. ஊதும்போது உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது என்று மோரி சார் சொல்லியிருந்தார். எனக்கோ உள்ளே முருகன் இருந்தார், அவரை எங்கே போகச் சொல்வது? அதையும் கேட்டுவிட்டேன். "சரி, இருக்கட்டும்," என்றார். சத்தம் வராததைச் சொன்னபோது, "சத்தம் வேண்டாம். மூச்சு போதும்," என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில், மீனவர் குப்பத்தை ஒட்டி ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, மொட்டைமாடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். ஓசை அலையலையாக வர வேண்டுமென்றால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். வராத ஓசைக்கு நான் பலமாகவே ஆட்டினேன். இதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், மீன் விற்கிற பக்கத்து வீட்டுத் தேசம்மா அக்கா.

"இன்னா நைனா, ஆத்தா எறங்கிக்கினு கீதா?"

"அட போக்கா. இது ஜப்பான் கொயலு."

"கொயலுன்னா சத்தம் வரணும்ல? எனுக்கே காது குத்துறியா?"

சிரித்தோம். அதோடு விட்டுப்போயிற்று என்று நினைத்தேன்.

அந்த வருஷம் காற்றுக் காலத்தில் அக்காவின் ஒரே மகன் பாபு போன ஃபைபர் போட் கவிழ்ந்துவிட்டது. கூடப் போன இரண்டு பேரை வேறு போட்டுக்காரர்கள் தூக்கி வந்தார்கள். பாபு மட்டும் கிடைக்கவில்லை. குப்பமே கடலில் இறங்கித் தேடியது. உடம்பும் ஒதுங்கவில்லை. கடைசியில் பஞ்சாயத்தில், காரியம் செய்துவிடலாம், மருமகள் செல்வியின் தாலியை எடுத்துவிடலாம் என்று பேசினார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து கற்பூரத்தை ஏற்றினாள்.

"ஒரே வார்த்த சொல்லு. ஏம் புள்ள கீறானா, இல்லியா? இருந்தா தாலி இருக்கட்டும். இல்லன்னா நானே அவுத்துடறேன்."

"அக்கா, சத்தியமா சாமி இல்லக்கா. இது பைப்பு."

"சாமி வந்தவன் எவன் ஒத்துகினான்? சொல்லு நைனா."

கீழே செல்வி வாசற்படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறான் என்று சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இல்லை என்று சொன்னால் தாலி போய்விடும். முருகா, இந்த ஒரு தடவை ஓசை வந்துவிட்டால் போதும், குழல்தான் என்று அவளே தெரிந்துகொள்வாள் என்று பைப்பை எடுத்து வாயில் வைத்தேன். வெறும் காற்று வந்தது. மறுபடியும் ஊதினேன். பயத்தில் தலை தானாக ஆடியது. அக்கா காதைச் சாய்த்துக் கடைசி மூச்சு வரைக்கும் கேட்டாள்.

"சாமிக்கே தெரியல போலகீது," என்றாள் மெதுவாக. எழுந்து இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் பஞ்சாயத்தில் போய் நின்று, "சாமிக்கே தெரியல, அவுக்கச் சொல்ல நீங்க யாரு?" என்று கேட்டாளாம். தாலி அப்படியே இருந்தது.

காரில் மோரி சாரிடம் சொன்னேன். புரிகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்டார். "சத்தம் வேண்டாம் என்று நான் சொன்னேன்," என்றார் கடைசியில். முன்னால் லாரி வரிசை நகரவே இல்லை. அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்புகிற வரை அவர் அந்தத் துணிப்பையைக் காரில் பிரிக்கவில்லை. நானும் மொட்டைமாடிக்குப் போகவில்லை.

நாங்கள் மாத்தூருக்குக் குடிவந்து எவ்வளவோ காலமாகிறது. வீடு மாற்றியதில் அந்தப் பைப் எங்கே போனதோ. அந்தக் குப்பத்தில் முன்வரிசை வீடுகளைக் கடல் எடுத்துக்கொண்டது. இப்போது அங்கே கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தேசம்மா அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். பாபு வரவில்லை. செல்வி காசிமேட்டில் இறால் உரிக்கிறாள். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் சன்னதியில் பார்ப்பேன். தலை நரைத்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு மாற்றிக்கொள்கிற மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் புதிதாகவே இருக்கிறது.

"நல்லாகீறியாண்ணா?" என்பாள். "கீறேம்மா" என்பேன். அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு கிடையாது.

வேலை முடிந்து, மிச்சத் துண்டை எடுத்துக்கொள்ளட்டுமா என்று பிளம்பர் கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாசலில் நின்று, தூள் போக இன்னொரு தடவை ஊதினார். ஒரே ஊதில் ஓசை வந்தது.