பெயரை மறைத்தும் ஆட்டுக் கொட்டிலை மறைக்கவில்லை

நெல் அழிந்த வருடம் எடுத்த நுண்கடனின் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. யோசித்து யோசித்து நித்திரையே இல்லை. அதனால் இன்று காலை ஒரு முகநூல் குழுவில் பெயரை மறைத்துக் கேட்டேன்.

"காசு அறவிட வாறவர் வாசலில நிண்டு சத்தம் போடலாமோ? அவர் வந்தால் நான் ஆட்டுக் கொட்டிலுக்குள்ளதான் ஒளிக்கிறனான்."

ஒருவர் வெளிநாடு போகச் சொன்னார். இன்னொருவர் பிள்ளையாருக்கு நேர்த்தி வைக்கச் சொன்னார்.

பெயரை மறைத்திருந்த ஒருவர் மட்டும் நிதானமாக எழுதினார்: "அக்கா, அவர் சத்தம் போடேலாது. நீங்கள் கடன் குடுத்த கந்தோருக்குப் போய் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ. பழைய கடனெண்டால் குறைப்பினம்."

"நீங்கள் நல்லா இருக்கோணும் தம்பி" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "செவ்வாய்க்கிழமையில அந்தக் கறுப்புக் கிடாயை வெளியில கட்டுங்கோ அக்கா. நீங்கள் உள்ளுக்குப் போனவுடன அது கத்துறது றோட்டு வரைக்கும் கேக்குது."

கிழமையையும் கிடாயையும் பற்றி நான் எழுதவேயில்லை. இரண்டையும் அறிந்தவர், செவ்வாய்தோறும் மோட்டார் சைக்கிளில் வந்து என் படலையைத் தட்டுகிறவர் ஒருவர்தான்.

நாளை செவ்வாய்க்கிழமை. ஒளிப்பதா, தேத்தண்ணீர் வைப்பதா? சொல்லுங்கள். இந்த முறை சொந்தப் பெயரிலேயே கேட்கிறேன்.