ஐந்து விரல் ஆங்கிலம்

கிரீம் பையைக் கையில் எடுத்ததும் சின்னவள் கேக்கில் எழுதிவிட மாட்டாள். முதலில் எழுத்துகளை விரல்விட்டு எண்ணுவாள். காற்றில் ஒருமுறை எழுதிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் முனை கேக்கைத் தொடும். வைத்ததை வழித்தெடுத்தால் தழும்பு தெரியும் என்பது அவள் கட்சி. வேலை பார்க்கும் பேக்கரியில் அவள் ஆங்கில எழுத்துக்கு ஈடு கிடையாது. அங்கேயே பெட்டி கட்டுகிற அக்காவைக் கேட்டால், ஊரிலேயே கிடையாது என்பாள்.

பேச்சுதான் தகராறு. மாலை ஆங்கில வகுப்பில் படித்ததையும் அவள் எண்ணித்தான் பேசுவாள். வலது கை விரல்களில் சொல் சொல்லாக அடுக்கி, சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் எதிராளி பஸ் ஏறிப் போயிருப்பார். "நான் சொன்னேன்க்கா. அவங்கதான் இருந்து கேக்கலை" என்பாள், கொஞ்சமும் கூசாமல்.

பன்னாட்டுக் கலைவிழா வந்தது. ஏதாவது ஒரு கலைஞரிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வந்தால்தான் அடுத்த வகுப்பு, இல்லாவிட்டால் புது ஆட்களோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து என்று ஆசிரியை சொல்லிவிட்டார். "அந்த ஏ ஃபார் ஆப்பிளை இன்னொரு தடவை என்னால தின்ன முடியாது" என்று அக்காவை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் கேள்வியை அடுக்கி முடிப்பதற்குள் பொம்மலாட்டக்காரரின் பொம்மைகள் பெட்டிக்குள் படுத்துவிட்டன. கயிற்றில் நடந்த பெண், இவள் நாலாவது விரலுக்கு வரும்போது அடுத்த கயிற்றில் இருந்தாள். முகத்தில் வெள்ளை பூசிய ஊமைக்கூத்து நடிகர் மட்டும் பொறுமையாக நின்று முழுக் கேள்வியையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"பதில் சொல்லிட்டாருக்கா."

"வாயால வாங்கணும்டி."

மிச்சமிருந்தது கடைசி நாளின் கடைசி நாடகம். எந்த நாடகமானாலும் முடிந்ததும் அரங்கில் விளக்கு எரியும், பார்ப்பவர்கள் கேள்வி கேட்கலாம். அதனால் சின்னவள் நாடகம் நடக்கும்போதே கேள்வியைத் தயாராக அடுக்கிவிட்டாள். மேடையில் மனைவி பெட்டியோடு வாசலில் நின்றாள். புருஷன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பேச்சே இல்லை. அரங்கமெங்கும் வெளிச்சம் வந்தது.

கதையில் பொழுது விடிவதற்காகப் போட்ட வெளிச்சம் அது. சின்னவள் எழுந்துவிட்டாள்.

"ஒய் டிட் யூ லீவ் ஹிம்?"

அக்கா அவள் வலது கையைப் பாய்ந்து பிடித்தாள். புருஷனாக நடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். நடிகை மட்டும் அசையவில்லை. கொஞ்சம் யோசித்து, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்: அவன் ஒரு நாளும் என்னை எதுவும் கேட்டதில்லை.

இதுவும் நாடகம்தான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"அதான் வாங்கியாச்சே, உக்காருடி" என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். எண்ணுகிற கை அக்காவிடம் மாட்டியிருந்தது. சின்னவள் எண்ணவில்லை.

"வேர் வில் யூ கோ நௌ?"

நடிகை வாயைத் திறந்தாள், மூடினாள். பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அவங்களும் எண்ணுறாங்க போலக்கா" என்று கிசுகிசுத்துவிட்டுச் சின்னவள் உட்கார்ந்தாள்.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது, வேஷம் கலைக்காத அந்த நடிகை கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்தாள். அக்கா நைசாக ஒதுங்கப் பார்த்தாள். சின்னவள் நடிகையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் வலது கையை அக்காவிடம் நீட்டினாள், பிடித்துக்கொள்ளச் சொல்லி.