எடுக்கக் கூடாத அழைப்பு

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, மலேசியாவின் கிள்ளானில் நான் நிர்வாகியாக வேலை பார்க்கும் சிறிய டயாலிசிஸ் நிலையத்தில் நடந்தது இது.

எங்கள் முன்மேசையில் இரண்டு பேர்தான். வருகிறவர்களின் எடையைப் பார்த்து, இரத்த அழுத்தம் குறித்து உள்ளே அனுப்புவதற்குள் போன் அடித்து ஓய்ந்துவிடும். அதனால், செயற்கை நுண்ணறிவால் இயங்கும் குரல் உதவியாளர் ஒன்றை எங்கள் போனோடு இணைப்பது என்று முடிவு செய்தோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் இளம்பெண் வந்து, சுவரில் இருந்த பழைய போன் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இது போதும்க்கா. நம்பரும் மாத்த வேணாம், போனும் மாத்த வேணாம். யார் அடிச்சாலும் முதல்ல அது எடுக்கும். முடியலன்னா உங்களுக்கு அனுப்பும்."

என்னென்ன அழைப்புகள் வரும் என்று கேட்டார். நேரம் மாற்றக் கேட்பவர்கள், மருத்துவமனை, காப்புறுதி, மருந்துக் கம்பெனி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னோம். அந்தத் திங்கட்கிழமை, காலை முதல் ஷிப்ட் தொடங்கிய பிறகு இணைப்பு கொடுக்கப்பட்டது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பெண் குரல் தன்மையாகப் பேசியது. முதல் ரிங்கிலேயே எடுத்தது. மேசைப் போன் அடிக்கவே இல்லை. என் சகா ஒருத்தி, "இன்னைக்குத்தான் கோப்பி சூடா குடிக்கிறேன் லா," என்றாள்.

இரண்டாம் ஷிப்ட் தொடங்கி வெகு நேரத்துக்குப் பிறகு, தாதி வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஒரு பெட் காலியா இருக்கு. ஆன்டி எங்க?"

ஆன்டி என்றால் எங்களுக்கு ஒருவர்தான். ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். அன்று அந்த நேரத்தில் எங்கள் வேனில் வரவேண்டியவர் அவர் மட்டுமே. டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திங்கட்கிழமை கொஞ்சம் ஆபத்தான நாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் டயாலிசிஸ் இல்லாததால் உடம்பில் நீர் சேர்ந்திருக்கும். போன வாரமே ஆன்டிக்குக் கால் வீங்கியிருந்தது.

வேன் ஓட்டும் அண்ணன் எதிர்க்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் சாலையைக் கடந்து போய், "அண்ணே, ஏன் இன்னும் போகல?" என்று கேட்டேன்.

"நீங்க இன்னும் சொல்லலியே. ஆன்டி ரிங் கொடுத்தாதானே நான் போவேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் நிலையத்தில் ஒரு பழக்கம் இருந்தது. வேனில் வருபவர்கள் தயாரானதும் எங்கள் நம்பருக்கு இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிடுவார்கள். திரையில் நம்பரைப் பார்த்து நாங்கள் அண்ணனிடம் சொல்வோம். வேன் கிளம்பியதும் நாங்கள் ஒரு ரிங் கொடுத்து வைப்போம். அதைப் பார்த்து அவர்கள் கீழே இறங்கி வருவார்கள். யாரும் எடுப்பதில்லை, யாருக்கும் காசு போவதில்லை. யாரும் பேசாததால் அதை ஓர் அழைப்பு என்றே நாங்கள் நினைக்கவில்லை போலும். அந்தப் பெண் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆன்டியின் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். முழுதாக அடித்து நின்றது. வேனில் ஏறிக்கொண்டு வழி முழுக்க அடித்தேன். எதிரே லோரிகள் வரிசையாக நின்றன. அண்ணன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மூச்சுத் திணறிக் கதவைத் திறக்க முடியாமல் அவர் உள்ளே விழுந்து கிடக்கும் காட்சிதான் என் கண் முன்னால் நின்றது.

அடுக்குமாடியின் கீழே, நாசி லெமாக் சோறு விற்கும் மலாய் அம்மா ஒருவரின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆன்டி உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. மூச்சு இரைத்தது. கடைக்கார அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு, ஓர் அட்டையால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஆன்டி முறைத்தார்.

"அதான் கீழ வந்துட்டேனே, ஏன்மா இத்தன ரிங்? வேன் ஒன்னுதானே வருது?"

நான் பதறி அடித்த ஒவ்வொரு அழைப்பையும் அவர் எங்கள் பழக்கப்படிதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்: வேன் வருகிறது, போனை எடுக்க வேண்டாம். கைத்தாங்கலாக ஏற்றும்போது விட்டு விட்டுச் சொன்னார்.

"நான் மூனு தடவ அடிச்சேன். அடிச்ச ஒடனே யாரோ புதுப் பொண்ணு எடுத்துடுது. வணக்கம்னு சொல்லுது. காசு போயிருமேன்னு கட் பண்ணிட்டேன். வேலைக்கிப் புதுசு போல, பாவம், நீங்க யாரும் சொல்லிக் கொடுக்கலியா?"

அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல், "அந்தப் பொண்ணு ரொம்ப சுறுசுறுப்பு ஆன்டி," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாதி அவரை நேராக உள்ளே கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்து, மெஷினை இணைத்தார். மருத்துவர் வந்து பார்த்தார். இன்னும் தாமதித்திருந்தால் மருத்துவமனைக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். மெஷின் ஓட ஓட ஆன்டியின் மூச்சு சீரானது. பிறகுதான் பிரிக்பீல்ட்ஸ் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

பிற்பகலில் அவர் வந்தார். நடந்ததைக் கேட்டு முகம் வெளுத்துவிட்டது. பேசாமல் வைக்கும் நம்பர்கள் திரும்பத் திரும்ப வந்தால் அவற்றைத் தொல்லை அழைப்பாகக் கருதித் தடுக்கும் வசதியும் இருக்கிறதாம். நல்லவேளை, அதை இன்னும் போடவில்லை. வேனில் வருபவர்களின் நம்பர்களை அவரே உட்கார்ந்து பதிந்தார். அந்த நம்பர்கள் வந்தால் முதலில் எங்கள் மேசைப் போன் அடிக்கும். இரண்டு ரிங்கில் வைத்துவிட்டால் அண்ணனின் கைபேசிக்கு உடனே தகவல் போகும். வைக்காமல் தொடர்ந்து அடித்தால் மட்டும் அந்தக் குரல் எடுக்கும்.

சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஊசி குத்தாத கையில் போனைப் பிடித்து, கட்டிலில் இருந்தபடியே ஆன்டி இரண்டு ரிங் கொடுத்து வைத்தார். அண்ணனின் சட்டைப் பையில் மணி அடித்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள்.

"வேன் வேணாம்பா, நான் இங்கதான் இருக்கேன்," என்றார் ஆன்டி.

இதோடு முடிந்திருந்தால் புதிய கருவியைக் குறை சொல்லிவிட்டு இருந்திருப்பேன். சில மாதங்கள் கழித்து, நிலையம் பூட்டியிருந்த ஒரு ஞாயிறு மதியம், ஆன்டிக்கு மூச்சு வாங்கியது. எங்கள் நம்பருக்கு அடித்திருக்கிறார். இந்த முறை வைக்கவில்லை. அந்தக் குரல் எடுத்தது. அவர் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டு, அன்று பொறுப்பில் இருந்த தாதியின் கைபேசிக்கு உடனே இணைப்பு கொடுத்தது. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்தபோது ஆன்டி எங்களிடம், "நல்ல பொண்ணு. நான் மூச்சு வாங்கி வாங்கிப் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையா கேட்டுச்சி. உங்கள மாதிரி அவசரப்படல," என்றார். அது மனிதரில்லை என்று நாங்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது. அதனால் என்ன என்கிறார்.

போன் அடிக்காத காலைகளில் இப்போதும் நான் ஒருமுறை எழுந்துபோய் வாசலைப் பார்க்கிறேன். எங்கள்மேல் உள்ள நம்பிக்கையில், ஒரு வார்த்தையும் பேசாமல், எங்கேயோ ஒருவர் கிளம்பித் தயாராக உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்பு அந்தத் திங்கட்கிழமையிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.