கூர் பார்த்த கை

தேவகிக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. உலையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்த கியர்களும் இரும்புப் பின்களும் அவள் மேசைக்கு வரும். வைர முனை வைத்த மிஷினில் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்து, எந்த எஃகு எவ்வளவு கெட்டி என்று அவள் சொல்ல வேண்டும். விடிந்தும் விடியாமல் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வண்டி பிடித்தால், திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் தங்கை இந்துவைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்தச் சம்பளத்தில்தான். தனக்கு ஒரு கல்யாணம் என்று அவள் யோசிப்பதற்குள் வயது நாற்பதைத் தொட்டுவிட்டது.

இந்துவின் புருஷன் வேதாசலத்துக்குத் திருமுக்கூடல். நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுபவன். அறுப்புக் காலத்தில் ஆளைப் பிடிக்க முடியாது. அறுப்பு ஓய்ந்தால் வீட்டில் போனும் கையுமாகக் கிடப்பான். மிஷினில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலை அறுத்தெடுக்க ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தான். அதில் தொடங்கிய ஆசை, கூரியரில் கத்தி வாங்கும் அளவுக்குப் போனது. எந்த ஸ்டீல் கூர் தாங்கும், எது துரு பிடிக்கும் என்று நாளெல்லாம் வீடியோ பார்ப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டு தேவகி வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, உங்க மிஷின்ல குத்திப் பாத்துச் சொல்லுங்க. எதுடா ஒஸ்தின்னு மண்ட காயுது."

மாப்பிள்ளை கேட்டு மறுக்க முடியுமா? கம்பெனிக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் குத்திப் பார்த்து, அவன் மறுபடி வந்தபோது சொன்னாள். "மொதல் கத்தி ஸ்டெயின்லெஸ். துரு புடிக்காது மாப்ள, ஆனா மெத்து. நாலு கயிறு அறுத்தா மொண்ணையாயிடும். ரெண்டாவது கார்பன் ஸ்டீலு. நல்லா கூர் ஏறும், ஈரத்தோட வச்சா துரு ஏறிக்கும். இந்தக் கறுப்புக் கைப்புடி டி-டூன்னு ஒரு ஸ்டீலு. மூணுல இதான் கெட்டி. ஆனா மறுபடி சூடு காட்டிப் பதம் எறக்காம வுட்டுட்டானுங்க. கூர் போவாது. பக்கவாட்டுல நெம்புனா சாக்பீஸ் மாதிரி ஒடிஞ்சிடும்."

"அப்போ கெத்து இதான்" என்றான் வேதாசலம். ஒடியும் என்று சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் போல இந்து இந்தப் பக்கமே வரவில்லை. ஒருநாள் வந்து, பாத்திரம் தேய்க்கக் குழாயடியில் உட்கார்ந்தபோது தேவகி பார்த்தாள். தங்கையின் இடது முன்னங்கையில் ரோமமே இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று பட்டையாக மழித்திருந்தது. ஊடே மெல்லிய சிவப்புக் கீறல்கள். சில ஆறியவை, சில புதியவை.

"இன்னாடி இது?"

இந்து கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, சமையல் குறிப்புச் சொல்வது போலச் சொன்னாள். "கூர் பாக்குறாருக்கா. மயிரு செரைஞ்சாத்தான் கத்தி நல்லா கீதுன்னு அர்த்தமாம். அவுரு கையில முடி தீந்து போச்சி. மூணு கத்திக்கும் என் கையில மூணு எடம் பிரிச்சி வச்சிக்கினுகீறாரு. கைய நீட்டுன்னா நீட்டணும். ஆடுனா அறுத்துக்கும். நான் இப்பல்லாம் ஆடுறதேயில்ல."

"நீட்ட மாட்டேன்னு சொல்றது!"

"சொன்னேன்." இந்து கூந்தலை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு. அதற்குக் கீழே, பிடரியில், பூனைமுடி இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. "கையில இன்னும் மொளைக்கலியாம். போன வாரத்துலேர்ந்து கழுத்துல பாக்குறாரு."

அந்தக் கறுப்புக் கைப்பிடிக் கத்தியை மூன்றில் கெட்டி என்று சொன்னது தன் வாய்தான் என்று தேவகிக்கு உறைத்தது. "இனிமே அங்க போவாத" என்றாள். இந்து கேட்கவில்லை. துணிமணி, சர்டிபிகேட் எல்லாம் அங்கேதான் இருக்கிறது என்றாள். அப்படியானால் இரண்டு பேருமே போய் எடுத்து வந்துவிடலாம் என்று முடிவாயிற்று. மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுத் தேவகி தங்கையோடு பஸ் ஏறினாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். வேதாசலம் வாசற்படி ஓரம் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து அந்தக் கறுப்புக் கைப்பிடிக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். இந்து உள்ளே போய்ப் பையில் புடவைகளைத் திணிப்பதைப் பார்த்ததும் கத்தியும் கையுமாக எழுந்து பின்னாலேயே வந்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்க வூட்டுக்கு" என்றாள் தேவகி. "கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும் மாப்ள."

"நான் கேட்டது அவள. நீ யாரு நடுவுல? கல்யாணம் ஆவாத கய்தைக்கு எங்குடும்பத்துல இன்னா வேல?"

அவன் இந்துவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு முறை இல்லை. சுண்ணாம்பில் ரத்தம் தீற்றியது. தேவகி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திரும்பிய வேகத்தில் முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்தது.

"டேய், வுடுடா அவள!"

இந்து நழுவித் தரையில் விழ, அவன் கத்தியை ஓங்கினான். அது யாருக்கு ஓங்கியது என்று தேவகிக்கு இன்றுவரை தெரியாது. அவள் குறுக்கே போய்க் கையை விரித்தாள். கத்தி அவள் இடது உள்ளங்கையில் இறங்கி, புறங்கை வழியே வெளியே வந்து, பின்னால் இருந்த வாசல் மரக்கதவில் குத்தி நின்றது. வலி உடனே வரவில்லை. கதவு அதிர்ந்ததுதான் முதலில் தெரிந்தது.

வேதாசலம் பிடுங்கப் பார்த்தான். கத்தி வரவில்லை. பிடுங்கினால் அடுத்த குத்து எங்கே என்று தேவகிக்குத் தெரிந்தது. வலது கையால் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் கனம் முழுவதையும் போட்டுப் பக்கவாட்டில் தள்ளினாள். உள்ளங்கைக்குள் நரம்பு அறுபடுவது அவளுக்கே கேட்டது. அவள் போட்ட அலறலில் தெரு நாய்கள் குரைத்தன. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். கத்தி ஒடிந்து, முக்கால்வாசி அவள் கையிலும் கதவிலுமாக நின்றுவிட்டது.

கையில் மிஞ்சியிருந்த துண்டை வேதாசலம் ஒரு கணம் பார்த்தான். பிறகு அதையே அவள் முகத்துக்குக் கொண்டு வந்தான். கன்னம் கிழிந்தது.

அப்போது அவன் தலையில் ஏதோ இறங்கியது. இந்து வாசற்படி ஓரம் கிடந்த சாணைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி நின்றிருந்தாள். அவன் மண்டியிட்டான். அவள் மறுபடி அடித்தாள், தாடையில். பல் தெறித்தது. கவிழ்ந்து விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து காதில், தோளில், கத்தி பிடித்த விரல்களில் என்று அடித்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை.

"போதும் இந்து! செத்துடப் போறான், போதும்டி!" கதவோடு கதவாக மாட்டிக்கொண்டு தேவகி கத்தினாள். அக்கம்பக்கத்தார் வந்து இழுத்த பிறகுதான் இந்துவின் கை நின்றது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தேவகியின் கையைத் தைத்தார்கள். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் மடங்குவதில்லை. வேதாசலத்துக்குத் தாடை எலும்பு விட்டுப்போய், ஒரு காது கேட்காமல் போனது. அவன் உள்ளே போனான். அவன் வீட்டார் இந்துவின் மேல் எதிர்ப் புகார் கொடுத்தார்கள்.

வாக்குமூலம் வாங்க வந்த பெண் எஸ்.ஐ நல்ல மாதிரி. "உயிருக்குப் பயந்து, தப்பிக்கத்தான் அடிச்சேன்னு சொல்லும்மா" என்று எடுத்துக் கொடுத்தார்.

"மொத அடி அதுக்குத்தான் மேடம்" என்றாள் இந்து. "மீதியெல்லாம் ஆச தீர அடிச்சது."

எஸ்.ஐ எழுதப் போன பேனாவை நிறுத்தினார். "மொத அடியோட நிறுத்திக்கலாம்" என்று சொல்லி, அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

மிஷினில் சாமானைத் திருப்பிப் பிடிக்கத் தேவகிக்கு இப்போது கை ஒத்துழைப்பதில்லை. பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். இந்துவுக்கும் அதே கம்பெனி கேண்டீனில் வேலை கிடைத்தது. அக்காவும் தங்கையும் ஒரே வண்டியில் போகிறார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் பேசுவதில்லை. புருஷனை இப்படியா அடிப்பாள் என்கிறார்கள். இருவர் கைக்கும் என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு.

வாய்தா நாளில் வேதாசலம் அம்மாவோடு வருவான். ஜாமீனில் இருக்கிறான், உடம்பு இளைத்துவிட்டது. அவனைப் பார்த்தால் தேவகி இன்னும் ஒதுங்கித்தான் நடப்பாள். போன தடவை கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவனும் வந்து நின்றான்.

"வா இந்து, வேற கடைக்குப் போலாம்" என்று தேவகி தங்கையின் தோளைத் தொட்டாள்.

"வேணாங்க்கா. இங்க பஜ்ஜி நல்லாருக்கும்" என்று இந்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.